சத்தம் இல்லாமல் வசனம் பேசியவள்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில், எதிரே கம்பெனி சீருடையில் இரண்டு பெண்கள்.

"ஷூட்டிங்ல எம்பொண்ணு வாய அசைக்கிறா, சத்தமே வரல. டைரக்டரு தன் காதையே தட்டிப் பாத்துக்கினாராம்!" என்றாள் மூத்தவள்.

இளையவள் சிரித்த சிரிப்பில் மடியில் தூங்கும் என் மகன் விழித்துவிடுவானோ என்று பயந்தேன்.

"பின்ன இன்னாக்கா? நம்ம கம்பெனி லைன்ல வேல பாத்தவ ஆச்சே. மிஷின் சத்தத்துல கண்ணாலயும் வாயாலயும்தான பேசிக்கினோம்!"

"அதையேதான் பிரவுசிங் சென்டர்ல வீடியோ புடிச்சி நெட்ல போட்டா. அதப் பாத்துதான் சினிமாவுக்குக் கூப்ட்டாங்க."

"அப்புறம் ஏன்க்கா உன் மூஞ்சி வாடிக் கீது?"

"இன்னிக்கு டப்பிங்கு. அவ பேச்சு லோக்கலா கீதாம், வேற பொண்ண பேச வெக்கப் போறாங்களாம். 'ஒரு தபா நான் பேசிக் காட்றேன்'னு மல்லுக்கு நின்னு போயிருக்கா. முடிவு தெரிஞ்சதும் போன் பண்றேன்னா."

"தைரியசாலிக்கா அவ. நானா இருந்தா அழுதுக்கினு ஊட்டுக்கு வந்திருப்பேன்."

நானும் அப்படித்தான் வந்திருப்பேன்.

பொன்னேரியில் மூத்தவள் இறங்கியதும் அவள் போன் அடித்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி தடதடத்துக்கொண்டிருந்தது. போனைக் காதில் அழுத்திக் கேட்டவள், எங்கள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். கண் கலங்கியிருக்க, வாய் மட்டும் அசைந்தது.

இளையவள் கைதட்டுவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. 'அவ குரலேதான்.'