பாடகி நின்ற திசை

வீட்டில் பாட்டுக் கேட்க நல்ல நாற்காலிதான் முக்கியம், சார். ஸ்பீக்கரெல்லாம் அப்புறம். ஐந்து ஸ்பீக்கரை வாங்கிச் சுற்றி வைத்துவிட்டு, கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு என்ன சொன்னாலும் மண்டையில் ஏறாது. எங்கள் வீட்டு நாற்காலியை நான் பார்த்துப் பார்த்து வாங்கினேன். நல்ல சுழல் நாற்காலி. எண்ணெய் போட்டு வைத்தால் அது சுற்றுவது உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது.

அது என் மைத்துனனின் நாற்காலி. என் மனைவியின் தம்பி. பதினாறு வயதில் ஒரு காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டன. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எங்களோடுதான் இருந்தான். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு காதை நான் பார்த்ததில்லை. நான் ஸ்டுடியோவில் சரவுண்ட் மிக்ஸிங் செய்கிறவன். பாடகியை முன்னால் நிறுத்துவது, வயலின்களை ஓரமாக உட்கார வைப்பது, கோரஸைப் பின்னால் அனுப்புவது, இதுதான் என் பிழைப்பு. எந்தப் பாட்டை முடித்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து அவனுக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் வெளியே அனுப்புவேன்.

"மாமா, வயலின்காரங்க எல்லாம் என் மடியில உக்காந்திருக்காங்க. கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்பான். திருத்துவேன். பாட்டு வெளியே போய்ப் பேர் வாங்கும். பேர் எனக்குத்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஸ்டுடியோவில் டிரம்ஸ்காரர் சிம்பலை அடிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை போகிறது, தட்டு ஆடுகிறது, சத்தம் வரவில்லை. மைக் செத்துவிட்டது என்று எழுந்தேன். பக்கத்தில் இசையமைப்பாளர் கண்ணை மூடித் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ஒரு பயம் பிடித்தது, சார். இன்றுவரை அது அடங்கவில்லை.

இடது காது முக்கால்வாசி போய்விட்டது, வலது காதில் கீச்சுச் சத்தம் எதுவும் விழாது, இனியும் குறையும் என்றார் டாக்டர். நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. சமாளிக்கப் பழகினேன். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவேன். முதுகுக்குப் பின்னால் யார் என்ன சொன்னாலும் "ஆமா, ஆமா" என்பேன். பெரும்பாலும் அது போதும். பயம் மட்டும் விடவில்லை. யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். இன்றைக்கு யாராவது கூப்பிட்டு நான் திரும்பாமல் இருந்தேனோ என்று வீடு வந்து சேரும்வரை யோசிப்பேன்.

கண்டுபிடித்தவன் மைத்துனன் ஒருவன்தான், அதுவும் ஒரே மாதத்தில். அவன் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் பேசும்போது முகத்தை என் பக்கம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான், அவ்வளவுதான். முன்பெல்லாம் தலையைக் குனிந்து முணுமுணுக்கிறவன், நிமிர்ந்து, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து பேசினான். அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

அப்படியே ஓடியிருக்கும். இந்த வருடத் தொடக்கத்தில் அவன் ஒரு வாரம் உடம்பு சரியில்லாமல் படுத்தான். அவசரம் என்று ஒரு பாட்டை நானே முடித்து அனுப்பிவிட்டேன். அதில் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரு கீச்சுச் சத்தம் இருந்ததாம். கேட்டவர்களுக்கெல்லாம் தலைவலி. இசையமைப்பாளர் போனில் சிரித்தார். நான் கூடவே சிரித்தேன்.

"பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துட்டு உக்காந்த மாதிரி இருக்கு மாமா" என்றான் மைத்துனன். அப்புறம் அவன் சிரிக்கவில்லை. "போதும் மாமா. நீங்க தூங்கறதே இல்ல, நீங்க நடக்கறது எனக்குக் கேக்குது. திங்கக்கிழமை மியூசிக் டைரக்டர் நம்ம வீட்டுக்கு வராருல்ல, நானே பக்குவமா சொல்லிடறேன். நாம ரெண்டு பேருமா சேந்துதான் இத்தனை நாள் பண்ணோம்னு சொல்லுவோம். ஒண்ணும் ஆகாது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருடம் காதை வைத்துப் பேர் வாங்கிய ஒருவனை நாலு பேர் செவிடன் என்று சொன்னால் அவன் கதி என்ன என்று மைத்துனன் யோசிக்கவில்லை. அந்த யோசனையை நான் செய்யவேண்டியதாயிற்று.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. பாட்டுக் கேட்கும் அறையில் எதிரெதிராக இரண்டு தள்ளு கதவுகள், ஒரே மாதிரி கண்ணாடி. முன்சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வலப்பக்கம் ஹால், இடப்பக்கம் பால்கனி. நாற்காலியிலிருந்து இரண்டும் ஐந்து எட்டு வைக்கும் தூரம். தரை முழுக்கக் கம்பளம். பால்கனிக் கம்பி துருப்பிடித்து ஆடுகிறது என்று வெல்டிங்காரர் வெள்ளிக்கிழமை அறுத்து எடுத்துப்போயிருந்தார். புதுக் கம்பி புதன்கிழமை வரும் என்றார். என் மனைவி பால்கனிக் கதவைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டி, "தம்பி, அந்தப் பக்கமே போயிடாதே" என்று இரண்டு முறை சொன்னாள். எதிலும் கவனமானவள்.

சரவுண்டில் ஒரு வசதி உண்டு. மொத்தப் பாட்டையும் ஒரு தட்டைத் திருப்புவதுபோல் திருப்பிவிடலாம். பாடகியும் வயலினும் கோரஸும் வரிசை கலையாமல் சேர்ந்து நகர்வார்கள். வேகமாகச் செய்தால் கேட்பவருக்குத் தலை சுற்றும். மூன்று நொடிக்கு ஒரு டிகிரி என்றால் தெரியாது. நான் எடுத்துக்கொண்ட பாட்டு ஒன்பது நிமிடம். சரியாக அரை வட்டம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். ஃபேனையும் ஏசியையும் நிறுத்தினேன். அவற்றின் சத்தம் எந்தப் பக்கம் என்று அவனுக்கு அத்துபடி.

"வேர்க்குது மாமா."

"கொஞ்சம் பொறு மச்சான், ஃபேன் சத்தத்துல குரல் போயிடும்."

பாட்டுக் கேட்கும்போது பாடகியின் குரலை மூக்குக்கு நேராக வைத்துக்கொள்வது அவன் வழக்கம். முடிந்ததும் அதையே முன்பக்கமாக எண்ணி எழுந்து, வலப்பக்கம் திரும்பி, ஐந்து எட்டு வைத்து ஹாலுக்குப் போவான். கைத்தடி எடுக்க மாட்டான்.

இரண்டாவது நிமிடத்தில் அவன் கால்விரல் தரையை லேசாகத் தள்ளியது. நாற்காலி ஒரு விரற்கடை திரும்பியது. கொஞ்சம் கழித்து இன்னொரு விரற்கடை. முகத்தில் புன்னகை. பாடகி எங்கே போனாளோ அங்கெல்லாம் போனான். எழுந்து பாட்டை நிறுத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டிரம்ஸ் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் பால்கனிக் கதவைத் திறந்தேன். அப்புறம் வெறுங்காலோடு நானும் சுற்றி வந்தேன். நான் எப்போதும் அவனுக்கு இடப்பக்கம் உட்காருகிறவன். என் குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தால் அவனுக்குக் குழப்பமாகிவிடும்.

பாட்டு முடிந்தபோது அவன் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "இந்தத் தடவை ஒரு குறையும் இல்ல மாமா" என்றான். முப்பது வருடத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எழுந்தான். வலப்பக்கம் திரும்பினான். நாலு எட்டு வைத்துக் கதவுச் சட்டத்தில் கையை ஊன்றி நின்று, ஏதோ கேட்டான். எனக்குக் காதில் விழவில்லை. பழக்கதோஷம், "ஆமா, ஆமா" என்றேன். விழுந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டதாம். எனக்கு அதுவும் கேட்கவில்லை.

"நான் பூட்டினேங்க, பூட்டினேனே" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பூட்டினியான்னு நான் பாக்கலைம்மா" என்றேன். மூன்று மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுத் தம்பி படத்திடம் மன்னிப்புக் கேட்பாள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்த மிக்ஸை நான் அழித்திருக்கலாம். மனசு வரவில்லை. குறையில்லை என்று அவனே சொன்ன வேலை. போன செவ்வாய்க்கிழமை மாலை வீடு திரும்பியபோது அவள் அவன் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தம்பி கடைசியாகக் கேட்ட பாட்டு. கால்விரல் தரையைத் தள்ளியது. ஒரு விரற்கடை. இன்னொன்று. நான் கதவருகே அசையாமல் நின்றேன். சாவுக்குப் பயந்தவன்கூட அப்படிப் பயப்பட மாட்டான். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தவள் எதிரே பின்சுவரைப் பார்த்தாள். திரும்பி வலப்பக்கம் பால்கனியைப் பார்த்தாள். பிறகு முதலிலிருந்து மறுபடி போட்டாள்.

இரண்டாம் முறை முடிந்ததும் என்னைப் பார்த்தாள். "ஏங்க, இந்தப் பாட்டு என்னைத் திருப்புது" என்று உதடு சொன்னது. அப்புறம் பால்கனிப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ கேட்டாள். நான் "ஆமா" என்றேன். "கதவைத் திறந்தது நீங்கதானா?" என்று கேட்டாளாம், நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பாட்டைத் திருப்பியது நான். கதவைத் திறந்தது நான். அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசி நிமிடத்தில் அவனைக் காப்பாற்ற முடியாமல் போனது என் காதால்தான் என்று தெளிவாக எழுதுங்கள். "பாட்டு சுத்தின மாதிரி இருந்துச்சு மாமா, ஹால் இந்தப் பக்கம்தானே?" என்று ஒருவன் கேட்கிறான். அது காதில் விழுந்திருந்தால் மனுஷனாகப் பிறந்த எவனாவது ஆமா என்பானா, சார்?

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? காதில் விழாத கேள்வி எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். அவன் ஆறு வருடமாக என்னிடம் எதைக் கேட்டாலும் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்துதான் கேட்பான். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டான்.