1815ஆம் இலக்கச் சிறுகோள்

சிறுகோள்களுக்கு முதலில் இலக்கம்தான் கிடைக்கும், பெயர் பிறகுதான். பாதையைப் பல தடவை அளந்து, இனித் தவறவிட மாட்டோம் என்று உறுதியான பின்பே இலக்கம் கொடுப்பார்கள். 1815ஆம் இலக்கத்துக்கு பீத்தோவன் என்று இசையமைப்பாளரின் பெயரை வைத்தார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் அந்தக் கல் சூரியனைச் சுற்றிவர ஐந்தரை வருடமாகும். விசாரிக்க வந்த உங்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். செல்லச்சாமி காணாமல் போனது அந்தக் கல்லினால்தான்.

1985இல் நான் மாத்தளையில் விஞ்ஞான ஆசிரியன். செல்லச்சாமி புதிதாக வந்த கணித ஆசிரியர். ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிளாஸ்டிக் குழாயும் வில்லைகளும் கொண்டு தொலைநோக்கி செய்திருந்தார். 1815 எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கோணத்தில் நிற்கும் என்று ஒரு சஞ்சிகையைப் பார்த்து நான்தான் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வகுப்பிலும் அவரை வைத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னேன்.

"செல்லச்சாமி சேர்ட குழாயில பீத்தோவன் நட்சத்திரத்தப் பாக்கலாம்."

அவர் சிரித்துவிட்டார். "பலீல் சேர், அது நட்சத்திரம் இல்லீங்க, சிறுகோள். நம்ம குழாய்ல தெரியவே தெரியாதுங்க, அம்புட்டு மங்கல். சும்மா கணக்குப் போட்டுப் பாக்கத்தான் கேட்டேன்."

பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு மாணவி, "அப்ப பலீல் சேர் நமக்குக் கோள் சொல்லிட்டாருடி!" என்றாள். அன்று முதல் என் பெயர் 'கோள் சேர்'. கோள் சொல்லித் திரிகிறவன் என்ற அர்த்தமும் வருமல்லவா, அதில்தான் அவர்களுக்கு ருசி.

மூன்று கிழமை கழித்து, ராணுவச் சோதனைச் சாவடியில் செல்லச்சாமியின் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்கள். நேரமும் கோணமும் ராணுவத்துக்கு வேறு பொருள் தரும். குண்டெறியவும் அவைதான் வேண்டும். விஞ்ஞானமும் சிங்களமும் தெரிந்தவன் என்று என்னை அழைத்தார்கள். என்னைக் கண்டதும் செல்லச்சாமியின் முகம் தெளிந்தது.

"நல்லவேள வந்துட்டீங்க சேர். ஒங்களுக்குக் கரச்சல் வேணாம்னு, நீங்க எழுதுனதுன்னு நான் சொல்லலீங்க. நீங்களே இவங்களுக்கு வெளங்கப்படுத்துங்க."

அதிகாரிக்குத் தமிழ் விளங்காது. இது நட்சத்திரமா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருடைய குழாயில் தெரியுமா? தெரியாது என்றேன். 1815 வேறு எதையாவது குறிக்குமா? கண்டி ராஜ்யம் வெள்ளையரிடம் விழுந்த வருடம் என்றேன். கண்ணுக்குத் தெரியாததற்கு எதற்கு நேரமும் கோணமும் என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் இரண்டு வசனத்தில் பதில் இருந்தது. அதைச் செல்லச்சாமியிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். பிறகு எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

மறு கிழமை செல்லச்சாமியின் தாய் பாப்பம்மா என் வீட்டுக்கு வந்தார். "வானத்து வெள்ளியப் பாக்குற கடுதாசின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்புள்ளய விட்டிருப்பாங்களே சேர்."

எழுதிக்கொள்ளுங்கள்: கையெழுத்து என்னுடையது. விட்டிருப்பார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் வாயை மூடினேன். ஆனால் பொய் எதுவும் சொல்லவில்லை. வெள்ளி என்று அவர் சொன்ன நட்சத்திரம் தானாக ஒளிரும், சிறுகோள் ஒளிராது, இரண்டையும் ஒன்றென்று ஓர் ஆசிரியன் சொல்லக்கூடாது என்று அந்த அம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். முழுவதும் கேட்டிருந்தால் என்மேல் அவருக்கு வருத்தம் இருந்திருக்காது.