வாடகைக்குத்தானே

…அமுக்காதீங்கம்மா, அமுக்கி அமுக்கித்தான் அந்தப் பட்டனே உள்ள போயிடுச்சு. பன்னெண்டு மாடி, தொண்ணூத்தாறு வீடு, ஒரே ஒரு லிஃப்ட்! அது வர்றப்போதான் வரும். பெட்டியக் கீழ வைங்க, கை கடுக்கும். ஒன்பதாவதுக்கா புதுசா குடி வர்றீங்க? நான் எட்டு. அப்ப என் தலைக்கு மேலதான்! கோவிச்சுக்காதீங்க, நாற்காலிய மட்டும் இழுக்காம தூக்கி வைங்க. இழுத்தா என் மண்டைக்குள்ளயே இழுக்கற மாதிரி இருக்கும்.

சுவரா அது? சுவருன்னு சொன்னா சுவருக்கே ரோஷம் வரும். எங்க வீட்டுக்காரர் மாத்திரை போட மறந்தா, பக்கத்து வீட்டு பல் டாக்டர் அங்கேர்ந்தே, "மாமா, மணி எட்டாச்சு"ங்கறாரு. அவரு பொண்டாட்டிகிட்ட ரகசியம் பேசணும்னா லிஃப்டுக்குள்ள கூட்டிட்டு வந்துதான் பேசறாரு, பாவம்.

இது விக்கறதுக்குக் கட்டினது இல்லம்மா, வாடகைக்கு விடறதுக்குன்னே கட்டினது. மொத்தமும் ஒரே கம்பெனி. சொந்தமா வாங்கறவன்னா தட்டிப் பாப்பான், மேஸ்திரியக் கூட்டிட்டு வந்து குடைவான். வாடகைக்கு வர்றவன்? வெளிச்சம் இருக்கா, தண்ணி வருதா, கொடு சாவிய! இப்ப எங்க பாத்தாலும் இதேதான். நாலு தெரு தள்ளி இன்னும் மூணு எழும்புது. இந்தத் தொழில் நிக்குமா, லாபம் வருமான்னு பேப்பர்ல பக்கம் பக்கமா எழுதறாங்க. உள்ள இருக்கறவன் நிப்பானான்னு எவனாவது எழுதறானா?

இவளுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னுதானே பாக்கறீங்க? முப்பது வருஷம் கட்டடக் கம்பெனில எஸ்டிமேட் போட்டவம்மா நான். அதனாலதான் போன மாசம் எல்லாருமா சேந்து என்னைப் பிடிச்சாங்க. "அக்கா, உங்களுக்குத்தான் விஷயம் தெரியும், கம்பெனிக்கு ஒரு மனு எழுதுங்க." விடுவேனா? சுவர் ஏன் பாதி கனம், லிஃப்ட் ஏன் ஒண்ணு, எந்தப் புண்ணியவான் இந்த யோசனையச் சொன்னான், பேரச் சொல்லுங்கன்னு நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டேன். மொத கையெழுத்தும் நான்தான்.

பதில் வந்துடுச்சு. இப்பத்தான் தபால் பெட்டியிலேர்ந்து எடுத்தேன். ஒரு வரி சமாதானம் கூட இல்ல, ஒரு பழைய தாளோட நகல், அவ்வளவுதான். படிங்க, படிங்க. "உள்சுவர் ஒன்பது அங்குலம் வேண்டாம், நாலரை. இரண்டாவது லிஃப்டை நீக்கவும். வாடகைக்குத்தானே, இது போதும்." கீழ கையெழுத்து.

என்னோடதும்மா.

ஐயோ, அப்படிப் பாக்காதீங்க! எங்க கட்டப் போறாங்கன்னு எனக்கா தெரியும்? எங்ககிட்ட வந்தது வெறும் நம்பர். பதினோரு வருஷம் ஆச்சு. திட்டம் தேறாதுன்னு முதலாளி தாளத் தூக்கி எறிஞ்சாரு, மத்தியானத்துக்குள்ள நான் தேத்திக் கொடுத்தேன். கை தட்டினாங்கம்மா, ஆபீஸே கை தட்டுச்சு! அப்ப எங்களுக்குச் சொந்த வீடு இருந்துச்சு. அப்புறம் இவரோட இதய ஆபரேஷனுக்கு அத வித்து… இப்ப அவரு கீழ இறங்கி நாலு மாசம் ஆச்சு. லிஃப்டுக்காக அவ்வளவு நேரம் நிக்க முடியல அவரால.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கீழ ஹால்ல கூட்டம். பதில நான்தான் எழுந்து படிக்கணும். பல் டாக்டர் காலைலயே சுவர் வழியா, "அக்கா, இன்னைக்கு அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சிடும்"ங்கறாரு. மேல போய்க் கிழிச்சுப் போடலாம்னா… கிழிக்கற சத்தம் கேக்குமே!

அதான் யோசிக்கறேன்… நீங்க புதுசு. உங்க மேல யாருக்கும் ஒரு வருத்தமும் இல்ல. குரலும் நல்ல குரல், நீங்க "ம்"னு சொன்னதுலயே தெரிஞ்சுது. நீங்க படிச்சிடுங்களேன்? அந்தக் கையெழுத்த மட்டும் முழுங்கிட்டு…

ஏம்மா, பெட்டிய ஏன் தூக்கறீங்க? லிஃப்ட் இன்னும் வரலியே! படியிலயா? ஒன்பது மாடிம்மா! …சரி, சரி, பாத்துப் போங்க. பயப்படாம ஏறுங்க, படி நல்ல அகலம். அதையும் குறைக்கத்தான் பாத்தேன், தீயணைப்பு ஆபீஸ்ல விடல!