படிகாரம் சேர்க்காத சிவப்பு

தலைமை தாங்கும் ஜவுளி வியாபாரி அப்துல் அஜீஸ் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நம் காஜா பெராங் ஊர்த் தாய்மார்களே, தோட்டங்களிலிருந்து நடந்தே வந்த தோழர்களே, வணக்கம்.

மெல்லத்தான் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் சரணடைந்து மூன்று வாரம் ஆயிற்று என்கிறார்கள். ஆனால் அவர்கள் சிப்பாய்கள் இன்று காலையும் சாலை முனையில் துப்பாக்கியோடு நின்றார்களே!

நாம் இழந்த சாயக்கலைச் செல்வி சிவகாமசுந்தரி அம்மையார் யார்? கணவர் இறந்தபின், ஒரு செப்பு அண்டாவையும் நான் செதுக்கித் தந்த நான்கு அச்சுக்கட்டைகளையும் நம்பித் தொழிலில் இறங்கியவர். வருகிறவர் மனத்தில் இருப்பதைக் கேட்டு, அவருக்கென்றே வண்ணம் கூட்டியவர். ஒரு மணப்பெண்ணுக்குப் போட்ட பூவை இன்னொருத்திக்குப் போட்டாரா? ஒருநாளும் இல்லை!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜப்பான் ராணுவத்தின் உத்தரவு வந்தது. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்த இருநூறு பேருக்கு மார்புத் துணியில் எண் அச்சிட வேண்டும். மறுத்தால் உயிர் மிஞ்சுமா? பதிமுகக் கட்டையில் சிவப்புக் காய்ச்சினார். சாயத்தைத் துணியில் நிறுத்துகிற படிகாரத்தை மட்டும் என்னிடம் நீட்டினார்.

“இத உங்க வீட்டுல வெச்சிருங்க, நடராஜண்ணே. கேட்டா இல்லன்னு சொல்லிடுங்க.”

“எதுக்கும்மா?”

“இது நிக்கக்கூடாத சாயம்ணே.”

அவர்களை ஏற்றிக்கொண்டு தம்பின் ரயில் ஸ்டேஷனுக்குப் போன திறந்த லாரிகளில் மழை கொட்டியது. எண்களெல்லாம் கரைந்து ஓடின. பட்டியலோடு ஆளைப் பொருத்த முடியாத குழப்பத்தில் பதினொரு பேர் ரப்பர் காட்டுக்குள் தப்பினார்கள். அவர்களில் ஒருவர், பொன்னுதுரை, இதோ நம்மிடையே அமர்ந்திருக்கிறார்!

மறுநாளே ராணுவப் போலீஸ் அம்மையாரின் சாயப் பட்டறைக்கு வந்தது. நானும் அங்கே இருந்தேன்.

“படிகாரம் இல்லாம சாயம் எப்படி நிக்கும், துவான்? கேட்டேன், நீங்க தரலையே” என்றார் அம்மையார், அந்த அதிகாரியிடம்.

அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளன் என் பக்கம் திரும்பினான். “உன்கிட்ட இருக்கா?”

“இல்லீங்க” என்றேன். அவரை இழுத்துப் போனார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சபையோரே, பயந்து நின்றேன்! பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பியவரின் வலக்கை விரல்கள் மடங்கவில்லை. இடக்கையால் அச்சு வைத்தார். என் பெயரை அவர் சொல்லவே இல்லை. அந்த உடம்பு அதன்பின் தேறவுமில்லை. சென்ற ஜூலையில் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

அந்தப் பட்டறை மூடிக் கிடக்கலாமா? கூடாது! பழைய வேட்டியோ மாவுச் சாக்கோ, இருப்பதைக் கொண்டுவாருங்கள். உங்களுக்கென்று என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். நாளைக் காலை அடுப்பு மூட்டுவேன். சாலையில் பூட்ஸ் சத்தம் கேட்டால் பயப்படுவேன். பயந்தாலும் வேலை நிற்காது, சிவகாமசுந்தரி அம்மா.