யோசெப்பின் மணி

ரெண்டு கிலோ எழுநூறுதான் அக்கா, தராசைப் பாருங்கோ. நீங்கள் ஊருக்குக் கொண்டுபோற பொட்டலம் மூண்டைத் தாண்டாது எண்டு போனிலயே சொன்னனான்தானே. மாமிக்குக் கால் நோவுக்குப் பூசுற கிறீம், மேப்பிள் பாணி ரெண்டு போத்தல், நாலு சோடி கால்மேசு. திருகோணமலை வெயிலுக்குக் கால்மேசோ எண்டு சிரிக்கிறியள். அவ போடுவா. மகன் அனுப்பினது எண்டா கட்டிலிலயும் கழட்டமாட்டா.

என்ர மனுசன் உதயனோ? இல்லை, அவர் வீட்டில இல்லை. இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன். பஸ்ஸுக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிசம் கிடக்கு. சிவநேசம் அக்கா உங்கட நம்பரைத் தந்திராட்டி நான் இந்தப் பொட்டலத்தோட ஆரைத் தேடித் திரிஞ்சிருப்பனோ தெரியாது.

ஓம், அதே வேலைதான். துறைமுகத்துக்குக் கிட்ட, பழைய புத்தகங்களை ஸ்கான் பண்ணுற இடம். நான் பக்கம் திருப்புற ஆள். வாசிக்கக்கூடாது எண்டு சட்டம், வாசிச்சா கை நிண்டுபோகுமாம். ஆனா இந்த முறை வந்தது ஒரு துறைமுகப் பட்டினத்துச் சபையின்ர கூட்டக் குறிப்பு. பிரிட்டிஷ்காரர் ஆண்ட காலம், நூற்றெழுபது வருசத்துக்கு முந்தினது. ஊர் பேர் வெளியில சொல்லமாட்டன் எண்டு எங்களிட்டக் கையெழுத்து வாங்கினவை. செத்து நூறு வருசம் தாண்டின ஆக்களின்ர ரகசியத்தை நான் இங்க, கனடாவில, பியர்பொன்ட்ஸில இருந்துகொண்டு ஆருக்குச் சொல்லப்போறன்?

பெரிசா ஒண்டுமில்லை அக்கா. கிணத்தடிச் சேத்துக்க பண்டி படுத்திருக்கு. ஆரோ இறங்குதுறையில மீன் குடலைக் கொட்டிப்போட்டான். விளக்குக் கம்பம் சரிஞ்சுபோச்சு. எல்லாத்துக்கும் ஒரே முடிவு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பம். பண்டி மூண்டு கூட்டத்துக்கு ஒத்திவைச்சபடி படுத்துக் கிடந்தது.

தை பிறந்தா வேலைக்காரரைத் திரும்ப நியமிப்பினம். விளக்கேத்திறவர், நாய் பிடிக்கிறவர், பேந்து மணிக்காரர் யோசெப். கடல்ல பனிப்புகார் மூடினா கப்பலுக்குக் கரை தெரியாதெல்லோ, மணிச் சத்தத்தைப் பிடிச்சுத்தான் உள்ளுக்கு வரவேணும். முனையில ஒரு குடில், ஒரு மணி, அவரும் மனுசியும். தையில பேரை வாசிப்பினம், ஏகமனதா எண்டு எழுதுவினம், முடிஞ்சுது. ஒன்பது தை அப்பிடியே திருப்பினன்.

பத்தாம் வருசம் ஒரு கப்பல் கப்டன் சபையில வந்து நிக்கிறார். அந்த மணியாலதான் தன்ர கப்பல் தப்பினது எண்டு நன்றி சொல்ல, ஒரு பொட்டலம் புகையிலையோட முனைக்குப் போனவராம். போய்ப் பாத்தா யோசெப் இல்லை. வள்ளத்தில போன ஆள் திரும்பேல்ல. அது நடந்து ஆறு வருசம். மணியடிச்சது மனுசி. அவ ஒருத்தருக்கும் பொய் சொல்லேல்ல அக்கா. ஒருத்தரும் கேக்கேல்ல. மணி கேட்டுது, அதால ஆள் இருக்குதெண்டு நினைச்சினம்.

சீனி காணுமோ, இன்னும் போடவோ?

சபை மூண்டு கூட்டம் இதைக் கதைச்சுது. ஏமாத்து எண்டு ஒருத்தர். ஒரு நாளாவது மணி பிந்தினதோ எண்டு இன்னொருத்தர். செத்தவரை வேலையால நிப்பாட்ட விதி இல்லை எண்டு கிளாக்கர். ஒத்திவைச்சினம். நான் அண்டைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பேல்ல. திருப்பித் திருப்பித் தைக்கு வந்தா, விளக்கேத்திறவர், நாய் பிடிக்கிறவர், மணிக்காரர் யோசெப். ஏகமனதா. கிளாக்கர் பழைய பட்டியலைப் பாத்து எழுதினதோ, எல்லாருமா யோசிச்சுச் செய்ததோ, எனக்குத் தெரியாது. மனுசியின்ர பேர் ஒரு பக்கத்திலயும் இல்லை.

ஏன் உங்களுக்கு இதைச் சொல்லுறன் எண்டா, நீங்களும் பொட்டலத்தோட போற ஆள்.

மாமி உங்களைப் பிடிச்சு இருத்திக் கேப்பா. தொண்டை ஒப்பரேசனுக்குப் பிறகு மகனுக்குக் கதைக்கேலாது எண்டு அவவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையில அவர் போனில எழுதி அனுப்புவார், மச்சாள் ஜெயமதி வாசிச்சுக் காட்டுவா. சாப்பிட்டன், இங்க குளிர், நீங்கள் மருந்து போட்டீங்களோ. மூண்டே மூண்டு வரி. போன வருசம் மாசியில, செத்தவீடு முடிஞ்ச அடுத்த ஞாயிறு, ஜெயமதி எடுத்தா. அம்மா கேக்கிறா மச்சாள், நான் என்ன சொல்லுறது எண்டா. மாமிக்கு இருதய ஒப்பரேசன் செய்து அப்ப நாலு நாள். நான் அவற்ற போனை எடுத்து மூண்டு வரி எழுதினன். அடுத்த ஞாயிறும் எழுதினன்.

ஓம் அக்கா. உதயன்தான்.

தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. பஸ்ஸும் வந்திடும். நீங்கள் பெரிசா ஒண்டும் சொல்லவேண்டாம், மகன் தந்துவிட்டது எண்டு பொட்டலத்தைக் கையில குடுங்கோ. ஆள் எப்பிடி இருக்கிறான் எண்டு கேப்பா. கொஞ்சம் மெலிஞ்சிட்டார் எண்டு சொல்லுங்கோ. நல்ல சுகம் எண்டா நம்பமாட்டா.