மொட்டு உதிர்ந்த கொடி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் பக்கத்துப் பெண்மணியிடம் சொன்னாள்: "மொட்டு உதுந்ததுலேருந்து எங்க வூட்டுக்காரரு சாப்பிடலக்கா."

"என்ன மொட்டு?"

"ஹோயான்னு ஒரு கொடிக்கா, மெழுகுல செஞ்சாப்புல பூக்குமாம். கூடத்து ஜன்னல்ல வச்சிருக்கோம். கட்டட வேலையில சாரத்துலேருந்து வுழுந்து இடுப்பு போனதுலேருந்து, படுத்தபடி அதைத்தான் பாத்துக்கிட்டிருப்பாரு. இப்பதான் மொதமொதல்ல மொட்டு வச்சுது. அவரைப் பாக்க வந்த சொந்தக்காரங்க, நாற்காலி போடணும்னு தொட்டிய இருட்டு மூலைக்கு நகத்திட்டாங்க. அத்தனையும் கொட்டிப்போச்சு."

"கொடி இருக்குல்ல? திரும்பப் பூக்கும்னு சொல்லு."

"சொன்னேன்க்கா. 'உனக்குப் பூக்கும்'னுட்டு செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

அரியலூர் வந்ததும் அந்த அக்கா அவளுடைய பையையும் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார்.