பெண் உட்காரும் நீதிபதி நாற்காலி

சட்டக் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும் என்பது விதி. விதிகள் அச்சில் அழகாகத்தான் இருக்கும். நாகூரிலிருந்து காரைக்கால் வரும் பேருந்தில், மலேசியச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்து அரை வருடம் காத்திருந்த மகளைப் பற்றி ஒரு முஸ்லிம் தாய் தோழியிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“அங்க ஷரியத் கோர்ட்டுல பொம்பளையும் நீதிபதியாம்.”

“ஆம்பளைங்க எழுந்து நிப்பாங்களாக்கா?”

“நின்னுதானே ஆவணும். அங்கயும் நம்ம ஷாஃபி மத்ஹபுதான், அதே சட்டந்தான். என் தலாக்கப் பத்தி ஜமாத்துல பேசுனப்ப நான் கதவுக்கு வெளியதானே நின்னேன்.”

தோழி மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

“மவளுக்குப் பதில் வந்துச்சா?”

“சீட்டு கெடச்சிருச்சு. பொண்ணு பாக்க வந்தவங்கள டீய குடிச்சிட்டுப் போவச் சொல்லிட்டேன்.”

“எப்பக்கா வந்துச்சு?”

“அவங்க உக்காந்திருக்கறப்பதான். நேத்து.”